காந்தத்துக்குத் தண்ணீர் காட்டியவர்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சென்ற ஆண்டு மின்னியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் பிட்டர் காந்தம் என்று எழுதியதும் நான் சிரித்துவிட்டேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் காரணம் கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொன்னேன். என் தந்தையார் பிட்டர் வேலை பார்ப்பவர். திருப்பாச்சூரில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஒரு பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காயில் சுற்றுகிறார். ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. பிட்டர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட எங்கள் வாசலைக் காட்டும். ஆகவே பிட்டர் காந்தம் என்றால் என் அப்பாவைப் போன்றவர்கள் பட்டறையில் செய்யும் ஏதோ ஒரு காந்தம் என்று நினைத்துவிட்டேன்.

பேராசிரியரும் சிரித்தார். அது பிரான்சிஸ் பிட்டர் என்ற அமெரிக்க இயற்பியல் அறிஞரின் பெயர் என்று விளக்கினார். ஆனால் நான் நினைத்ததிலும் பாதி உண்மை இருக்கிறது, தேடிப் படித்துப் பார் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். தேடிப் படித்தேன். படித்ததை இம்மலரின் வழியே நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். ஆனால் அதற்கு முன் எங்கள் வீட்டுச் சன்னல் திட்டில் கிடக்கும் ஒரு செம்புக் குழாய்த் துண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பை உருக்கும் ஆலைகளில் தூண்டல் உலைகள் உண்டு. உலையைச் சுற்றி உள்ளீடற்ற செம்புக் குழாயால் ஒரு பெரிய கம்பிச்சுருள் இருக்கும். அதில் மாறுமின்னோட்டம் பாய்ந்தால் காந்தப்புலம் எழுந்து எழுந்து மாறி, உள்ளே கிடக்கும் இரும்பிலேயே மின்னோட்டத்தைத் தூண்டி அதை உருக்கிவிடும். உள்ளே 1,600 பாகை வெப்பத்தில் உருகிய இரும்பு. நடுவே சில அங்குலக் கனமுள்ள மண்பூச்சு. வெளியே செம்புச் சுருள். கொடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சுருளிலேயே வெப்பமாகிவிடும். அதைக் கொண்டுபோகத்தான் குழாய்க்குள் இடைவிடாமல் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் நின்றால் செம்பு தாங்காது. செம்பு ஓட்டையாகி அந்தத் தண்ணீர் உருகிய இரும்பின்மீது பட்டாலோ, அந்தக் கொட்டகையில் நிற்பவர் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஓர் உலையின் சுருள் அப்பாவின் பட்டறைக்குப் புதிதாகச் சுற்ற வந்தது. கீழே ஒரு வாய் வழியே தண்ணீர் புகுந்து, எல்லாச் சுற்றும் சுற்றி, மேலே ஒரு வாய் வழியே வெளியேறும் அமைப்பு. இவ்வளவு நீளத்துக்கு ஒரே வழி போதாது, நடுவில் இன்னொரு வாய் வைக்கலாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். மாதிரி எப்படியோ அப்படியே செய்தால் போதும் என்று விடை வந்தது. செய்து கொடுத்தார். நாற்பது நாள் ஓடியது. ஓர் இரவு மேல்சுற்றுகள் கருகி, குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, ஆவி சீறியது. இரவு முறையில் இருந்தவர் கண்டு மின்சாரத்தை நிறுத்தியதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பழி அப்பாவின் பற்றவைப்பின்மீது விழுந்தது. மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தம்.

கருகிய குழாயை அறுத்துப் பார்த்தபோது, எங்கள் வீட்டு வெந்நீர்த் தவலையின் அடியில் படிந்திருக்குமே, அதே வெள்ளைப் படிவு உள்ளே பாதி வழியை அடைத்திருந்தது. தூய்மை செய்த நீருக்குப் பதில் யாரோ ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியிருக்கிறார்கள். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து சன்னல் திட்டில் வைத்துவிட்டார். அதன்பின் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அந்தத் துண்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால்தான் பிட்டரின் வரலாறு எனக்கு வெறும் பாடமாகப் படவில்லை.

பிரான்சிஸ் பிட்டர் 1902-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள் அமெரிக்காவில் நியூ செர்சி மாநிலத்தின் வீஹாக்கன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கார்ல் பிட்டர் வியன்னாவிலிருந்து குடியேறிய புகழ்பெற்ற சிற்பி. நியூயார்க் நகரின் பல கட்டடங்களையும் சதுக்கங்களையும் அவருடைய சிலைகள் அணிசெய்கின்றன. 1915-இல் ஓர் இரவு இசை நாடகம் பார்த்துவிட்டு அரங்கைவிட்டு வெளியே வந்தவர்மீது மோட்டார் வண்டி மோதியது, அவர் இறந்துபோனார். அப்போது மகனுக்கு வயது பன்னிரண்டு. உளியும் களிமண்ணும் புழங்கிய வீட்டில் பிறந்த அந்தப் பிள்ளை பின்னாளில் செம்பைத் தகடாக வெட்டித் துளையிட்டுப் பேர் பெற்றதை நினைக்கும்போது, சிற்பியின் கை வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

படிப்பு ஒரே நேர்க்கோட்டில் போகவில்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இடையில் விட்டுவிட்டு ஐரோப்பா சுற்றினார். திரும்பிவந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1925-இல் பட்டம் பெற்றார். பெர்லினில் ஓராண்டு படித்துவிட்டு, 1928-இல் கொலம்பியாவிலேயே டாக்டர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சிப் பொருள் வாயுக்களின் காந்தப் பண்பு. அன்று பிடித்த காந்தத்தை அவர் இறுதிவரை விடவில்லை.

அவருடைய திருமணத்தைப் பற்றி இங்கே ஒரு சொல். தமிழர்களாகிய நமக்கு அது ஒரு வியப்பான செய்தி. டாக்டர் பட்டம் பெற்ற காலத்தை ஒட்டி அவர் மணந்த பெண்மணி இரத்தன் தேவி என்ற மேடைப் பெயரால் இந்திய இசை பாடிப் புகழ்பெற்ற ஆங்கிலேயப் பெண், ஆலிஸ். இவர் முன்னர், கொழும்பில் பிறந்த தமிழறிஞர் மரபினரான ஆனந்த குமாரசுவாமியின் துணைவியாக இருந்தவர். காஷ்மீரில் தங்கி இசை கற்று, பஞ்சாப், காஷ்மீர்ப் பாடல்கள் முப்பதைத் தொகுத்து 1913-இல் நூலாக வெளியிட்டவர். அந்நூலுக்குத் தாகூர் முன்னுரை அளித்தார். நம் சிவதாண்டவத்தின் பொருளை மேலைநாட்டாருக்கு எடுத்துரைத்த ஆனந்த குமாரசுவாமியும் முதலில் அறிவியலாளரே. இலங்கையில் கனிமங்களை ஆராய்ந்தவர். 1917 முதல் 1947-இல் மறையும்வரை பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்தார். பிட்டரோ 1934 முதல் சார்லசு ஆற்றின் எதிர்க்கரையிலிருந்த மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரிந்தார். ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் இப்படி இருவர்!

கல்லூரிப் படிப்புக்குப் பின் இரண்டாண்டு கலிபோர்னியாவில் மில்லிகனிடம் ஆராய்ச்சி செய்தார். பிறகு 1930-இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே இருந்தபோதுதான், 1931-இல், முதல் பெயர் கிடைத்தது. காந்தமாகும் இரும்பு உண்மையில் சின்னஞ்சிறு வட்டாரங்களாகப் பிரிந்து கிடக்கிறது, ஒவ்வொரு வட்டாரமும் ஒரு குட்டிக் காந்தம் என்று வைசு என்ற பிரெஞ்சு அறிஞர் 1907-இலேயே கூறியிருந்தார். அதைக் கண்ணால் பார்க்க வழி காணப்படவில்லை. பிட்டர் மிக நுண்ணிய காந்தத் தூளை நீர்மத்தில் கலந்து, மெருகேற்றிய படிகத்தின்மேல் பரப்பி, நுண்ணோக்கியில் பார்த்தார். வட்டாரங்களின் எல்லைகளில் தூள் போய் ஒட்டி, கோலப்பொடியால் வரைந்ததுபோல் கோடுகளாகத் தெரிந்தது. அவை இன்றும் பிட்டர் கோலங்கள் என்றே வழங்கப்படுகின்றன.

1933-இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்சுக்குச் சென்றார். அங்கே ரதர்போர்டின் கூடத்தில் பீட்டர் கபிட்சா என்ற உருசிய அறிஞர் மிகவும் வலிய காந்தப்புலங்களை உண்டாக்கி வந்தார். பிட்டரின் வாழ்வில் திருப்பம் இங்கேதான் நேர்ந்தது. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

மின்காந்தத்தில் இரும்பு உள்ளகம் வைத்தால் புலம் பெருகும் என்பது நாம் பள்ளியிலேயே படித்தது. ஆனால் அந்தப் பெருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஏறக்குறைய 20,000 காஸில் இரும்பு தெவிட்டிவிடும். அதற்குமேல் இரும்பால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சுருளில் பாயும் மின்னோட்டத்தைத்தான் கூட்டியாக வேண்டும். புலத்தை இரு மடங்காக்க மின்னோட்டம் இரு மடங்கு வேண்டும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பத்து மடங்கு புலம் வேண்டும் என்பவர் நூறு மடங்கு வெப்பத்துக்கு வழி சொல்ல வேண்டும். கபிட்சா சொன்ன வழி, சுருள் சுடுவதற்குள் வேலையை முடித்துவிடுவது. நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சி 3,00,000 காஸுக்கும் மேல் கண்டார். மிகப் பெரிய சாதனைதான். ஆனால் மின்னல் வெளிச்சத்தில் புத்தகம் படிப்பது போன்றது அது. நிறமாலையைப் படம் பிடிக்க மணிக்கணக்கில் அசையாத புலம் வேண்டும் என்பவருக்கு அது உதவாது.

நாடு திரும்பிய பிட்டர் 1934-இல் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். இயற்பியல் துறையில் அல்ல, சுரங்கவியல் உலோகவியல் துறையில். அசையாப் புலத்தில் வலிமை காண வேண்டும் என்று வந்தபோது அவர் கேள்வியையே மாற்றிப் போட்டார் என்பது என் எண்ணம். எவ்வளவு மின்னோட்டம் பாய்ச்சலாம் என்று கேட்கவில்லை. எவ்வளவு தண்ணீரை எவ்வளவு வேகமாகச் செம்பின் உடம்புக்குள் செலுத்தலாம் என்று கேட்டார். விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்றபடி காந்தத்தை அமைத்தார்.

கம்பி சுற்றுவதையே அவர் கைவிட்டார். வட்டமான செம்புத் தகடுகளை எடுத்துக்கொண்டார். நடுவில் பெரிய துளை, அதுதான் காந்தப்புலம் நிற்கும் இடம். தகட்டின் உடலெங்கும் நூற்றுக்கணக்கான சிறு துளைகள். அம்மாவின் இடியாப்ப அச்சுத் தட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் படம் தேவையில்லை. தகட்டை ஓரிடத்தில் மையத்திலிருந்து விளிம்புவரை கீறி வெட்டினார். அடுத்தடுத்த தகடுகளுக்கு இடையே அதே துளைகள் கொண்ட மின்கடத்தாத் தாளை வைத்து, ஒரு சிறு பகுதியில் மட்டும் செம்போடு செம்பு தொடும்படி அடுக்கினார். மின்னோட்டம் ஒரு தகட்டைச் சுற்றி வந்து, தொடும் இடத்தில் அடுத்த தகட்டுக்கு ஏறி, கோபுரத்தின் சுழற்படியில் ஏறுவதுபோல் சுற்றிச் சுற்றி மேலே போகும். துளைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்ந்து நிற்பதால், தண்ணீரோ சுற்றாமல் நேரே பாயும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சுற்றிய குழாயில் தண்ணீரும் மின்சாரமும் ஒரே நீண்ட பாதையில் போகின்றன. கடைசிச் சுற்றை அடையும்போது தண்ணீர் சூடேறிக் களைத்துப்போயிருக்கும். குழாயின் உராய்வும் அதன் வேகத்தைத் தின்றுவிடும். பிட்டரின் அடுக்கில் மின்சாரத்துக்கு நீண்ட வழி, தண்ணீருக்கோ குறுகிய வழிகள் பல நூறு. ஒவ்வொரு துளியும் குளிர்ச்சியாக உள்ளே வந்து, கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொண்டு உடனே வெளியேறுகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரே குழாயை நடுவில் பிரித்து இரு வழியாக்கினால், அதே அழுத்தத்தில் ஒவ்வொரு பாதியிலும் ஓட்டம் ஏறக்குறைய 1.4 மடங்காகும். வழி இரண்டு ஆகவே மொத்த நீர் சுமார் 2.8 மடங்கு. அப்பா வேண்டும் என்று கேட்ட அந்த ஒரு வாயின் மதிப்பு அதுதான்!

வேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. செம்பின் சுவரில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் குமிழிகள் எழும். ஓட்டம் வேகமாக இருந்தால் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். மெதுவாக இருந்தால் குமிழிகள் சேர்ந்து ஆவிப்போர்வையாகிச் சுவரை மூடிவிடும். போர்வைக்குள் இருக்கும் செம்பு நொடிகளில் உருகும்.

வெப்பம் மட்டுமா பகை? காந்தப்புலமே தன்னை உண்டாக்கிய சுருளை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. 1,00,000 காஸில் அந்த அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 400 கிலோ. சுற்றிய கம்பி இதில் பிதுங்கிவிடும். அகன்ற தகடு தன் அகலத்தாலேயே தாங்கிக்கொள்கிறது. வெப்பத்துக்காகச் செய்த அமைப்பு வலிமைக்கும் உதவியது.

1936 முதல் 1939 வரை இந்த வடிவமைப்பைப் பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். 1938-இல் அவருடைய காந்த ஆய்வுக்கூடத்தில் 1,700 கிலோவாட் மின்சாரத்தில் 1,00,000 காஸ், அதாவது 10 டெஸ்லா, அசையாமல் நின்றது. அந்த வெப்பத்தை நீர் 10 பாகை மட்டுமே சூடேறி எடுத்துச்செல்ல வேண்டுமானால் நொடிக்கு ஏறக்குறைய 40 லிட்டர் ஓட வேண்டும். எங்கள் தெருமுனைத் தொட்டி 1,000 லிட்டர். அரை நிமிடத்துக்குத் தாங்காது. ஆனால் கபிட்சாவின் மின்னல், பிட்டரின் கையில் விளக்காகிவிட்டது. ஹாரிசன் முதலிய நிறமாலை ஆய்வாளர்கள் அந்த விளக்கடியில் அமர்ந்து அணுக்களைப் படித்தனர்.

பிறகு உலகப் போர் வந்தது. செருமானியர் கடலடியில் போட்ட காந்தக் கண்ணிகள், மேலே செல்லும் கப்பலின் இரும்பை உணர்ந்து வெடித்தன. கப்பல்களின் காந்தத் தன்மையை நீக்கும் பணியில் பிட்டர் அமெரிக்கக் கடற்படைக்காக உழைத்தார், இங்கிலாந்துக்கும் போய்வந்தார். வாழ்நாளெல்லாம் காந்தத்தைப் பெருக்கியவர் சில ஆண்டுகள் அதை அழிக்கும் வேலை செய்தார்.

போருக்குப் பின் இயற்பியல் துறைக்கு மாறினார். 1949-இல் ஒளியைக் கொண்டு அணுவின் காந்த ஒத்திசைவை அறியலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் பிழை இருந்தது. மறு ஆண்டே அது சுட்டிக்காட்டப்பட்டது. ஆனால் அந்தப் பிழையான கட்டுரையே பாரிசில் காஸ்லரையும், அப்போது பிட்டரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவருடைய முன்னாள் மாணவர் பிரொசலையும் சிந்திக்கத் தூண்டியது. பிரொசல் பிட்டரிடமே தொடர்ந்து ஆராய்ந்து, 1952-இல் இருவரும் சேர்ந்து சரியான முடிவை வெளியிட்டனர். அந்தத் துறைக்காகக் காஸ்லர் 1966-இல் நோபல் பரிசு பெற்றார். தேர்வில் ஒரு கணக்கு தப்பினால் முகம் வாடும் எங்களைப் போன்றவர்கள் இதைக் கேட்டுச் சற்று ஆறுதல் கொள்ளலாம்.

பதவிகளும் வந்தன. அறிவியல் பள்ளியின் இணைத் தலைவராக இருந்தார். 1959-இல் காந்தங்களைப் பற்றியும் தம் கல்வியைப் பற்றியும் பொதுமக்களுக்காக ஒரு நூல் எழுதினார். பிறகு சில ஆண்டுகள் மாணவர் விடுதியின் காப்பாளராகவும் பணிபுரிந்தார். 1960-இல் அரசு உதவியோடு தேசிய காந்த ஆய்வுக்கூடம் ஒன்று உருவாகத் தொடங்கி 1963-இல் திறக்கப்பட்டது. அது அமைந்த கட்டடம் முன்னர் ஒரு ரொட்டித் தொழிற்சாலை. அடுப்பு எரிந்த இடத்தில் தண்ணீர்க் குழாய்கள் வந்தன. பிட்டர் 1967 சூலை 26-ஆம் நாள், தம் அறுபத்தைந்தாம் பிறந்தநாள் கழிந்த நான்காம் நாள் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சுருள்கள் வந்தபின் பிட்டரின் தகடுகளுக்கு வேலை இராது என்று பலர் எண்ணியிருக்கலாம். மருத்துவமனையின் ஸ்கேன் எந்திரத்துக்குள் இருப்பது மீக்கடத்திதான். ஆனால் புலம் மிக வலுத்தால் மீக்கடத்தி தன் தன்மையை இழந்துவிடும். எனவே அமெரிக்காவில் டல்லகாசி நகரில் 1999-இல் 45 டெஸ்லாவைத் தொட்ட காந்தத்தில், வெளியே மீக்கடத்திச் சுருள் ஒரு பகுதியைத் தர, உள்ளே துளையிட்ட செம்புத் தகடுகளே மீதிப் பெரும்பகுதியைத் தந்தன. துளைகளின் வடிவம் நீண்டிருக்கிறது, அடுக்கும் முறை திருந்தியிருக்கிறது, கருத்து பிட்டருடையதே. அங்கே அயனி நீக்கிய தூய நீரை மட்டுமே தகடுகளுக்குள் விடுகிறார்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்த அன்று இரவு, தகட்டின் படத்தை வரைந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். எந்த ஊர்க்காரர், எவ்வளவு படித்தவர் என்று கேட்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், வடிகட்டி எங்கே வைத்திருக்கிறார்கள், துளை அடைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று மூன்று கேள்வி கேட்டார். முதல் இரண்டுக்கு விடை சொன்னேன். மூன்றாவதற்குத் தெரியவில்லை. வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் சூடு பார்க்கும் கருவி வைத்தால் எந்த வழி அடைத்தது என்று தெரிந்துவிடும் என்று அவரே விடையும் சொன்னார்.

எங்கள் ஊர்க் கோயிலில் வாசீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். மூங்கில் காட்டில் புதைந்திருந்த இலிங்கத்தை வெட்டி எடுத்தபோது வாசி என்னும் வெட்டுக்கருவி பட்டுக் காயம் உண்டாயிற்று என்றும், அதனாலேயே இறைவனுக்கு அப்பெயர் என்றும் தலபுராணம் சொல்லும். கருவியின் பெயரைச் சுமக்கும் சாமி என்பதால் அப்பாவுக்கு அவர்மேல் தனிப் பற்று. புதிய காயில் வேலை தொடங்கும் நாளில் அங்கே போய்த்தான் வருவார். சென்ற பங்குனியில் அப்படிப் போய்வந்தார். அதே போன்ற இன்னோர் உலைச் சுருள் வந்திருந்தது. கூடுதல் வாய்களுக்கு ஆகும் செலவைத் தன் கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுமதி வாங்கி, மூன்று வழியாகப் பிரித்துப் பற்றவைத்தார். போகும் முன், சன்னல் திட்டிலிருந்த அந்தக் குழாய்த் துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, காயில் ஏற்றிய வண்டியிலேயே பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போனார். அங்கே தண்ணீர் ஊற்றும் ஆளிடம் அதைக் கொடுத்துவிட்டு வந்ததாக அம்மாவிடம் சொன்னார்.

நாற்பது நாள் கடந்துவிட்டது. அப்பா இன்னும் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார்.